எந்தக் கலைங்க?

போன ஞாயிற்றுக்கிழமை திருச்சியில் ஒரு சொற்பொழிவு. சிறிய நாடுகளின் பொருளாதாரம் பற்றி. சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். எங்கோ ஒரு குட்டி நாடாம். விளைச்சல் கிடையாது, சுரங்கம் கிடையாது. ஆனால் ஜனங்கள் படம் வரைகிறார்கள். வெளியூர்க்காரர்கள் கப்பலேறி வந்து வாங்குகிறார்கள்.

"அந்த நாட்டுக்குச் சோறு போடுவதே கலைதான்!" என்றார். கைதட்டல்.

என் பக்கத்தில் இருந்த பெரியசாமி எழுந்தார். "ஐயா, ஒரு சந்தேகம். எந்தக் கலைங்க?"

பாதி ஹால் சிரித்தது — ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த பாதி. பேராசிரியர் விழித்தார். பெரியசாமி சிரிக்கவில்லை. அவருக்கு அது வயிற்றுப்பாட்டுப் பிரச்னை.

பெரியசாமிக்கு ஊர் திருவெள்ளறை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் புதிதாகக் காபித்தூள் கடை வைத்திருக்கிறார். மாமனாருக்கு ஜீயபுரத்தில் வாழைத்தோட்டம். "கடை ஓடலேன்னா வந்துடுங்க மாப்பிள்ளை, வாழைக்குத் தண்ணி பாய்ச்ச ஆள் இல்ல" என்று கடை திறந்த அன்றே சொல்லிவிட்டார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் பெரியசாமியைத் தூங்கவிடவில்லை.

போர்டு எழுதப் பாலக்கரையிலிருந்து அந்தோணி வந்தார். சினிமா பானர் வரைகிறவர். ஸ்ரீரங்கமாயிற்றே, கடைப் பெயருக்கு மேலே ஒரு நாமம் இருந்தால் களையாக இருக்குமே என்று பெரியசாமி நினைத்தார். அந்தோணி எங்கோ கிடைத்த காலண்டரைப் பார்த்து அழகாக வரைந்துவிட்டார்.

வடகலை நாமம்.

வெளியூர் வாசகர்களுக்காக: வைஷ்ணவர்களில் வடகலை, தென்கலை என்று இரண்டு பிரிவு. நாமத்துக்கு அடியில், மூக்கின்மேல் பாதம் இறங்கினால் தென்கலை. இறங்காவிட்டால் வடகலை. ஒரு சின்னத் தீற்றல்தான் வித்தியாசம். அதற்காகக் கோர்ட் வரை போனவர்களும் உண்டு.

எங்கள் தெருவில் பெரும்பாலும் தென்கலை. போர்டு ஏறிய மறுநாள் ஒருவர் வந்து நின்றார்.

"நீர் வடகலையா?"

"இல்லீங்க, திருவெள்ளறை."

அவர் தூள் வாங்காமல் போனார். அவர் பின்னால் தெருவே போய்விட்டது.

பெரியசாமி பதறிப்போய் அந்தோணியைக் கூப்பிட்டுப் பாதம் வைக்கச் சொன்னார். எங்கள் தெரு திரும்பி வந்தது. ஆனால் அதற்குள் வந்து பழகியிருந்த அடுத்த தெரு வடகலைக்காரர்கள் நின்றுவிட்டார்கள். இவர்கள் கால் பவுண்டு வாங்குகிறவர்கள். அவர்கள் ஒரு பவுண்டு. இதற்கிடையே மாமனார் வேறு, வாய்க்காலில் தண்ணீர் திறந்தாயிற்று என்று ஆள் அனுப்பியிருந்தார்.

"என்ன ஊரு சார் இது? ஒருத்தரும் தூளை மோந்து பாக்க மாட்டேங்கறாங்க. போர்டைத்தான் பாக்கறாங்க" என்றார் என்னிடம். கண் கலங்கியிருந்தது. எனக்குக் கஷ்டமாகிவிட்டது. மனசு கொஞ்சம் மாறட்டுமே என்றுதான் சொற்பொழிவுக்கு அழைத்துப் போனேன். போன இடத்திலும் கலை...

"ஓவியக் கலை" என்று பேராசிரியர் பொறுமையாக விளக்கினார். "பூ, பழம், வீட்டுப் பாத்திரம்... எதை வேண்டுமானாலும் வரைகிறார்கள்."

"அத ரெண்டு பேருமே வாங்குவாங்க இல்லீங்களா?"

"யார் ரெண்டு பேர்?"

பெரியசாமி உட்கார்ந்தார். முகம் தெளிந்திருந்தது.

திங்கட்கிழமை அந்தோணி மறுபடி ஏணி ஏறினார். நாமம் அழிந்தது. அந்த இடத்தில் டம்ளர், டபரா, மேலே பறக்கும் ஆவி. பார்த்தாலே காபி வாசனை வந்தது. இரண்டு தெருவும் வந்தன. ஜீயபுரத்துக்கு, வர முடியாது என்று சொல்லியனுப்பினார் பெரியசாமி. அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

வியாழக்கிழமை ஒரு பெரியவர் தூளை வாங்கிக்கொண்டு போர்டை நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஆவி மூணு கோடா கெளம்பறதே... அடியில சேர்ந்துண்டு டம்ளர்ல இறங்கறதே. அது என்ன, பாதமா ஓய்?"

அன்று சாயங்காலமே அந்தோணி வந்து நாலாவதாக ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனார்.

இரண்டு ஆறுகளுக்கு நடுவே இருக்கிற எங்கள் ஸ்ரீரங்கமும் குட்டி நாடுதான். ஓவியத்தால் பொருளாதாரத்துக்கு என்ன லாபம் என்று கேட்கிறவர்கள் தாராளமாக வந்து பார்க்கலாம் — இங்கே காபிக்கு நாலு கோடு ஆவி!