ஆடாத தகரவேலி

வீட்டுக்கு ஒலிப்பெட்டி பொருத்திக் கொடுக்கும் தொழிலில், வேலை செம்மையாக அமைந்தால் பெயர் கிடைக்காது. உழைப்பு உங்களுடையதாகவும் புகழ் எதிர்க்கடைக்காரருடையதாகவும் இருந்து பழகியவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

பௌதிகவியலில் பட்டம் பெற்று மன்னார் பஸாரில் கடை திறந்தவள் நான். பாட்டின் மேள அதிர்வைத் தரும் சப்வூஃபர் பெட்டியைக் கூடத்து மூலையில் வைக்கமாட்டேன். இருக்கும் கதிரைக்குப் பின்னால், முதுகுக்குக் கிட்ட வைப்பேன். கிட்ட இருப்பதால் குறைந்த சத்தமே போதும்: இருப்பவரின் நெஞ்சு அதிரும், சுவருக்கு அப்பால் ஒன்றும் கேட்காது. எதிர்க்கடைக்காரர் றொபேட் பெட்டியை மூலைக்குத் தள்ளி, சத்தத்தை முழுதாகத் திருகிவிட்டு வருபவர். சனம் அவரிடம்தான் போகிறது. எனக்கு அவர்மேல் பொறாமை; அதற்கு நாகரிகமான வேறு பெயர் தேடும் உத்தேசமில்லை. போதாக்குறைக்கு, டிசம்பர் நத்தார்ப் பண்டிகைக்குள் வியாபாரம் நிமிராவிட்டால் என் கடையறையை றொபேட்டின் பெட்டிகள் அடுக்கக் கொடுத்துவிடுவதாக அறைச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார்.

பேசாலையில் ஒரு பரிசோதனை

திரேசம்மாவின் கணவருக்குச் சொந்தமாகப் படகுகள் உண்டு. பக்கத்து வளவு வீட்டில் திரேசம்மாவின் தங்கை. அந்த வீட்டுக்குப் பெட்டி வைத்தவர் றொபேட். நான் பொருத்தி முடித்ததும் திரேசம்மா கதிரையில் சாய்ந்து, நெஞ்சில் கைவைத்து, "என்ர மாதாவே!" என்றார். நான் பெருமையில் நிமிர்ந்தேன்.

அடுத்த நிமிடம் எழுந்து முற்றத்துக்குப் போனார். இரு வளவுக்கும் நடுவிலுள்ள தகரவேலியில் உள்ளங்கையை ஒற்றி, காய்ச்சல் பார்ப்பதுபோல் நின்றார். திரும்பி வந்தபோது முகம் தொங்கியிருந்தது.

"அவள் பாட்டுப் போட்டால் என்ர குசினிக் கோப்பையெல்லாம் துள்ளுது. இது நல்லாத்தான் இருக்குப் பிள்ளை, ஆனா தகரம் ஆடேல்லையே! நான் வாங்கினது அவளுக்கு எப்பிடித் தெரியும்?"

எருக்கலம்பிட்டிச் சாய்மனை

ரபீக் நானா நியாயமான மனிதர். சாய்மனைக் கதிரைக்குப் பின்னால் பெட்டி வைத்த அன்று என் படிப்பைப் பாராட்டி, தேத்தண்ணியும் தந்தார். பிறகு கொண்டச்சியிலிருந்து அவருடைய மனைவியின் தமையன் விருந்துக்கு வந்து, அந்தக் கதிரையில் ஒருமுறை இருந்து பார்த்தார். அதோடு சரி. சோற்றுக்கும் தொழுகைக்கும் மட்டுமே எழும்பினாராம். பாயில் இருந்த நானாவுக்கு வெறும் பாட்டு. மேளம் முழுவதும் மச்சானுக்கு.

கடைக்கு வந்து முறையிட்டார்: "தங்கச்சி, ஒண்டில் பெட்டியை மூலைக்குத் தள்ளித் தாங்க, இல்லாட்டி மச்சானைத் தள்ளித் தாங்க."

எதிர்க்கடை வாசல்

இரண்டையும் தள்ள மறுத்தேன். நானா தெருவைக் கடந்து றொபேட்டிடம் போனார். போனவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. தன் உயரத்தில் பாதிக்கு ஒரு பெட்டியை ஓட்டோவில் ஏற்றுவதை என் கல்லாவில் இருந்தே பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். பொறாமைக்காரிக்குக் கண் ஓய்வதில்லை.

என்னோடு வேலை செய்யும் ஜெசிந்தா ஆறுதல் சொல்லும் பழக்கமில்லாதவள். "அக்கா, அந்தாள் ஒரு வீட்டுக்குப் பெட்டி பூட்டினால் ஒழுங்கை முழுக்கக் கேட்கும், அதுவே விளம்பரம். நீங்கள் பூட்டினால் கதிரையில இருக்கிற ஆளுக்கு மட்டும்தான் விளம்பரம். அந்தக் கதிரை ஆளும் கண்ணை மூடிக்கொண்டெல்லோ இருக்குது!"

அளவெடுக்க வந்தவர்

நத்தார் நெருங்கிய ஒரு மத்தியானம் றொபேட் என் கடைக்குள் நுழைந்து, சுவர்களை நிதானமாகப் பார்த்தார். பெட்டி அடுக்க அளவு பார்க்கிறார் என்று எண்ணி, "இன்னும் நான் கடையை விட்டு வெளிக்கிடேல்லை" என்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார். அவருடைய வீட்டு மூலைப்பெட்டியின் இடியைத் தாங்காமல் மனைவி தாய்வீட்டுக்குப் போய்விட்டாராம். பெட்டி அடங்கினால்தான் திரும்புவாராம்.

அவருடைய வீட்டுக்குப் போனேன். பெட்டியை மூலையிலிருந்து இழுத்து, கதிரையின் முதுகுக்குக் கிட்ட வைத்து, சத்தத்தைக் குறைத்தேன். அவர் இருந்தார். ஒரு முழுப் பாட்டையும் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு சொன்னார்: "கடையறையை நான் எடுக்கேல்லை, நீங்கள் இருங்கோ. ஊரில இதை ஒழுங்காச் செய்ய வேற ஆர் இருக்கினம்? ஆனா தங்கச்சி, நீங்கள்தான் செய்தனீங்கள் எண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

வெளியே கேட்காதபடி வேலை செய்பவளுக்குக் கிடைக்கும் பாராட்டும் வெளியே கேட்பதில்லை.