ஆறிலிருந்து எட்டு வாரம்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கடைத் தொலைபேசி அடித்தால் அது மெர்ல் ஸ்டாம்பாதான். பெயர்கூடச் சொல்ல மாட்டார்.

"வந்துடுச்சா?"

"இன்னும் இல்லைங்க, மிஸ்டர் மெர்ல்."

"எப்ப வரும்?"

"ஆறிலேர்ந்து எட்டு வாரம்ங்க."

"சரிம்மா. நான் இருக்கேன், அது வரட்டும்."

2020 ஜூனில் நான் அந்தக் கடையில் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரியை முடித்த முதல் ஆள் நான். ஹாரிஸ்பர்க்கில் கிடைத்த வேலையை ஒரு மின்னஞ்சலில் ரத்து செய்துவிட்டார்கள். கெட்டிஸ்பர்க்குக்கு வடக்கே, பள்ளி நாட்களில் கோடை விடுமுறையில் வேலை பார்த்த பாய்டின் கடைக்கே திரும்பிப் போனேன். நூற்று அறுபது வருடத்துக்கு முந்தைய உள்நாட்டுப் போரை வயல்வெளியில் திரும்ப நடித்துக் காட்டுகிறவர்களுக்கான கடை அது. கம்பளிக் கோட்டு, தகரக் குவளை, இத்தாலியில் செய்து வரும் நகல் துப்பாக்கி எல்லாம் அங்கே உண்டு. குழல் வாய் வழியே வெடிமருந்து போட்டுக் கெட்டிக்கிற நீளத் துப்பாக்கிகள். நோய்ப் பயத்தில் நிஜத் துப்பாக்கி தேடி அலைந்தவர்கள் சிலர் அதைத் தூக்கிப் பார்த்து, "இத வெச்சு ஒருத்தன சுடறதுக்குள்ள அவன் சாப்பிட்டுட்டே போயிடுவான்" என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

மெர்ல் முப்பத்தாறு வருடம் பால் லாரி ஓட்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாரநாட்களில் பண்ணைப் பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றுவார். சனி ஞாயிறுகளில் நீலக் கோட்டு மாட்டிக்கொண்டு போருக்குப் போவார். இருநூறு மைல் வண்டி ஓட்டி வந்தவன் எவனும் முதல் வேட்டிலேயே செத்து விழ மாட்டான். மெர்ல் விழுவார். அதுவும் மர நிழலாகப் பார்த்து விழுவார். பின்வரிசையில் நிற்கும் நண்பர் க்ளென் டிராசல் அவரைத் தாண்டிப் போகும்போது, "ஏண்டா, இன்னிக்கும் நிழல் பாத்துத்தான் உயிர விட்டியா?" என்பார். செத்தவர் கண்ணைத் திறக்காமலே, "குண்டு எங்க பட்டுதோ அங்கதாண்டா விழ முடியும்" என்பார்.

இதெல்லாம் பாய்ட் சொல்லித் தெரிந்துகொண்டது. நான் சேர்வதற்கு முன்பே, ஏப்ரலில், க்ளென் முதியோர் இல்லத்தில் இறந்துவிட்டார். யாரையும் உள்ளே விடவில்லை.

இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. யார் முதலில் போனாலும், மற்றவர் முழு உடுப்பில் வந்து மரியாதைக்கு மூன்று வேட்டுப் போட வேண்டும். க்ளென் கோட்டின் தையலைக்கூட எண்ணிப் பார்க்கிற ஆள். மெர்லின் துப்பாக்கி ஆங்கிலேய மாதிரி. தாங்கள் நடிக்கிற படைப்பிரிவின் கையில் அது இருந்ததே கிடையாது என்று க்ளென் இருபது வருடம் நச்சரித்தார். கடைசியில் 2020 ஜனவரியில் மெர்ல் பழையதைப் பாய்டிடம் கொடுத்துவிட்டுச் சரியான மாதிரிக்குச் சொல்லி வைத்தார். மார்ச்சில் வரவேண்டியது. இத்தாலியில் அதைச் செய்கிற பள்ளத்தாக்கைத்தான் நோய் முதலில் அடைத்தது.

இல்லத்திலிருந்து க்ளென் தொலைபேசியில் கடைசியாகப் பேசியபோது இருமலுக்கு நடுவே சொன்னாராம்: "அந்த இங்கிலீஷ் தடிய எடுத்துட்டு மட்டும் எங்கிட்ட வந்துடாதடா." கேலிதான். மெர்ல் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டார்.

க்ளெனின் மகள் டெனீஸ் அரிசோனாவில் இருப்பவள். வீட்டை விற்க வந்தவள், அப்பாவின் சாம்பலை அங்கே அம்மாவின் பக்கத்தில் புதைக்க எடுத்துப் போவதாக இருந்தாள். அதற்குமுன் மெர்லின் மூன்று வேட்டு இங்கே முடியட்டும் என்று காத்திருந்தாள். வீடும் அந்த வருடம் விலை போகவில்லை.

நானோ ஒவ்வொரு செவ்வாயும் ஆறிலிருந்து எட்டு வாரம் என்றேன். மொத்த வியாபாரி அனுப்பிய தாளில் அப்படித்தான் இருந்தது. அந்தத் தாளில் மார்ச் மாதத் தேதி இருந்ததையும் பார்த்திருந்தேன். தெரியாது என்று சொல்ல ஏன் வாய் வரவில்லை? நாலு வருடம் படித்தவளுக்கு ஒரு பதில் இருக்க வேண்டும் என்று நினைத்தேனோ என்னவோ. அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன் என்று பிற்பாடு என்னிடமே வாதாடிப் பார்த்தேன். அது முழு உண்மையில்லை.

இத்தாலியில் பட்டறை மறுபடி திறந்தது. குழல்கள் சோதனைச் சாலையில் தேங்கின. பிறகு சரக்குப் பெட்டகம் கிடைக்கவில்லை. பிறகு கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நின்றது.

2021 மே மாதத்தில் ஒரு செவ்வாய், தொலைபேசி அடிக்கவில்லை. பத்து மணிக்கு மெர்லே கடைக்குள் வந்தார். நீலக் கோட்டு, முகக்கவசம்.

"டெனீஸ் இன்னிக்கு மத்தியானம் கிளம்புறா. வீடு வித்தாச்சு. எப்பம்மா வரும்?"

"தெரியலைங்க."

"தெரியலையா?"

"எங்களுக்கு முதல்லேர்ந்தே தெரியாதுங்க. தாள்ல இருந்தத சொல்லிட்டு இருந்தேன்."

"நீ சொன்னதத்தான் அவகிட்ட சொன்னேன். எட்டு வாரம் பொறும்மா, இன்னும் எட்டு வாரம் பொறும்மான்னு. போன அக்டோபர்ல எங்க ஆளுங்க நாலு பேர் வேட்டுப் போட வரேன்னாங்க. சரியான துப்பாக்கி வரட்டும்டான்னு நாந்தான் நிறுத்தினேன்." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அதுல ஒருத்தன் போயிட்டான். மத்தவங்களுக்கு இன்னிக்கு வேலை நாள்."

பிறகு என் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தார். கட்டையில் விரிசல் விழுந்து பித்தளைத் திருகு போட்ட அவருடைய பழைய துப்பாக்கி அங்கேயே தொங்கியது. யாரும் வாங்கவில்லை. ஒரு வருடமாக அதன் கீழே உட்கார்ந்துதான் நான் அவருக்குப் பதில் சொல்லியிருந்தேன்.

"அத இறக்கு."

இறக்கித் துடைத்தேன். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"நீயும் வரணும். அவனவன் துப்பாக்கிய அவனவனே சோதிக்கக் கூடாது, அது எங்க சட்டம். என்னோடத எப்பவும் க்ளென்தான் பார்ப்பான்."

பாய்ட் தலையசைத்தார். போனேன்.

க்ளெனின் வீட்டு வாசலில் டெனீஸின் வாடகை லாரி பின்கதவு திறந்து நின்றது. அலமாரிகளுக்கு முன்னால், விளிம்பில், சாம்பல் இருந்த ஒரு சின்ன மரப்பெட்டியை வைத்திருந்தாள். "அப்பா என்கிட்ட பேசினதைவிட இவர்கிட்டதான் ஜாஸ்தி பேசினார்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

மெர்ல் விறைத்து நின்று துப்பாக்கியை நீட்டினார். அதன் இரும்புக் கம்பியை உருவிக் குழலுக்குள் விட்டேன். உள்ளே அழுக்கோ பழைய மருந்தோ இருந்தால் மொத்தென்று கேட்கும். சுத்தமாக இருந்தால் மணி மாதிரி. மணிதான் கேட்டது.

"சுத்தம்" என்றேன்.

முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கி, காகிதத் தோட்டாவைப் பல்லால் கிழித்து, மறுபடி கவசத்தை ஏற்றினார். மூன்று முறையும் அப்படியே. நாலைந்து பேர் சேர்ந்து போட வேண்டிய வேட்டு, தனியாக மக்காச்சோள வயலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. கவசமெல்லாம் கரிமருந்து.

"தப்பான துப்பாக்கிதாண்டா" என்றார் பெட்டியைப் பார்த்து. "வேற இல்ல."

டெனீஸ் பெட்டியை முன்சீட்டில் வைத்து பெல்ட் போட்டாள். லாரி போன பிறகும் அவர் விறைப்பாகவே நின்றார். அணி கலையச் சொல்லிக் கட்டளையிட வேண்டிய ஆள் இல்லை. எனக்கு அந்த வார்த்தை தெரியாது. கடைசியில், "வீட்டுக்குப் போலாங்க" என்றேன்.

ஆகஸ்டில் சரியான துப்பாக்கி வந்தது. மெர்ல் வந்து எடுத்துப் போனார். பழைய காலத்து அசலாகத் தெரிய, குழலில் இருக்கும் இத்தாலிய முத்திரையை அராவிவிடவா என்று பாய்ட் கேட்டதற்கு, "யாரு பாக்கப் போறா?" என்றார்.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் தொலைபேசி அடிப்பதில்லை. பத்து மணிக்கு அவரே வருகிறார், துப்பாக்கியோடு. ஒன்றும் பேசாமல் நீட்டுகிறார். கம்பியை உள்ளே விடுகிறேன். இதுவரை ஒருமுறைகூடச் சுடாத குழல். ஒவ்வொரு தடவையும் மணி மாதிரியே கேட்கிறது.

"சுத்தம்ங்க."

"அப்ப அடுத்த வாரம் பாப்போம்" என்று சொல்லி, துணியில் சுற்றிக்கொண்டு போகிறார்.