மாதாவுக்கு நேர்ந்த கோழி

என் மனைவியின் கழுத்துக் கட்டி கெட்ட கட்டி என்று கண்டி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இப்போதே எடுத்துவிட்டால் பயமில்லை என்று ஐந்து வாரத்தில் ஒப்பரேசனுக்குத் திகதியும் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தவள் சேலைகூட மாற்றவில்லை. எங்கள் ஏழு கோழிகளில் கொழுத்த சிவப்புக் கோழியைப் பிடித்து அதன் காலில் நீல நூல் ஒன்றைக் கட்டினாள். ஒப்பரேசனுக்கு முந்திய ஞாயிறு எங்கள் மாதா கோயில் திருநாள். அன்று அதை மாதாவுக்குக் கொடுப்பதாக நேர்ந்துகொண்டாள்.

எங்கள் கோயிலில் அது வழக்கம்தான். நேர்ந்த கோழியை உயிரோடு கொடுப்போம், பூசை முடிந்ததும் வாசலில் ஏலம் போகும். கோழிக்கு ஊனம் இருக்கக் கூடாது என்பது ஒன்றுதான் கட்டுப்பாடு.

"மாதா கோழிக்கறி திங்கிறாங்களா?" என்று நான் கேலி செய்தேன். பயம் வந்தால் எனக்கு இப்படித்தான் வாய் நீளும்.

நேர்ந்த கோழியைக் கீரி தூக்கிவிடக் கூடாதே என்று அதைத் தனிக் கூட்டில் அடைத்தாள். படுக்க மெத்தென்று தேங்காய் நார்த் தும்பு போட்டாள். சோறும் ஊறிய பாண் துண்டும் வேளைக்கு வேளை போனது. மற்ற ஆறும் மண்ணைக் கிளறி, பொடிக்கல்லைப் பொறுக்கித் தின்று சுகமாகத் திரிந்தன. செல்லமாக வளர்ந்ததுதான் மூன்றாம் வாரம் நோயில் விழுந்தது.

காலையில் தீனியைத் தொடவில்லை. நெஞ்சுக்கு மேலே, இரைப்பை இருக்கும் இடத்தில், கைக்கு அடங்கும் தோடம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். விடியும்போது காலியாக இருக்க வேண்டிய பை, ரொட்டிக்குப் பிசைந்த மாவைப் போல இறுகிக் கிடந்தது. அவள் ஒரு கையால் அதைத் தொட்டுப் பார்த்தாள். மற்றக் கை அவளுடைய கழுத்துக்குப் போனது. நான் பெட்டி தேடப் போனேன்.

கோழியைப் பெட்டியில் போட்டுக்கொண்டு தெல்தெனியவுக்கு பஸ் ஏறினோம். அங்கே மிருக டொக்டரம்மா கோழியின் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னார். தும்பைத் தின்றிருக்கிறது, உள்ளே தீனியை அரைக்கப் பொடிக்கல்லும் இல்லை, இரைப்பை அடைத்துவிட்டது. தீனி கொடுக்காமல், தேங்காயெண்ணெய் சில சொட்டு விட்டு, ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை மெதுவாகப் பிசைந்துவிட வேண்டும். தலைகீழாக மட்டும் பிடிக்கக் கூடாது, உள்ளே இருப்பது நுரையீரலுக்குள் போய்விடும். மூன்று நாளில் இளகாவிட்டால் கொண்டு வாருங்கள், சின்னதாகக் கிழித்து எடுத்துத் தைத்துவிடலாம்.

மனைவிக்குச் சிங்களம் ஓடாது. அரசாங்கக் கந்தோரில் முப்பது வருடம் சிங்களத்தில் குப்பை கொட்டியவன் நான், நான்தான் அவளுக்குத் தமிழில் சொன்னேன். தலைகீழ் விஷயத்தை விட்டுவிட்டேன். எந்த மடையன் அப்படிச் செய்வான் என்று நினைத்தேன்.

"கத்தி பட்ட கோழிய எப்படிங்க மாதாவுக்குக் குடுக்கிறது? கிழிக்கவே வேணாம்" என்று அவள் எழுந்துவிட்டாள்.

இரண்டு நாள் அவள் மடியில் கோழியை வைத்துப் பிடித்துக்கொள்ள, நான் எண்ணெய் விட்டுப் பிசைந்தேன். அதன் வாயில் புளித்த நாற்றம் அடித்தது. கொஞ்சம் இளகியது போல இருக்கும், மறுநாள் காலையில் பழையபடி இறுகியிருக்கும்.

மூன்றாம் நாள் ஞாயிறு. அவள் பூசைக்குப் போனாள். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஒருவன் கோழியைத் தலைகீழாகப் பிடித்து இரைப்பையை அழுத்துகிறான், எல்லாம் கொட்டுகிறது, கோழி எழுந்து ஓடுகிறது. கத்தியும் படாது, அவள் வரும்போது கோழி மேய்ந்துகொண்டிருக்கும், அவள் முகம் எப்படி மலரும் என்றெல்லாம் கணக்குப் போட்டேன். டொக்டரம்மா சொன்னது நினைவிருந்தது. இருந்தும் செய்தேன்.

அதன் வாயில் வெந்நீர் விட்டேன், காலைப் பிடித்துக் கவிழ்த்தேன், அழுத்தினேன். புளித்த தண்ணீர் வந்தது. பிறகு தும்பின் ஒரு நுனி வந்தது. சந்தோசத்தில் இன்னும் அழுத்தினேன். கோழி ஒரு தரம் இருமியது. சிறகை அடித்தது. அப்புறம் என் கையில் கனத்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

கழுவித் துடைத்துக் கூட்டில் படுக்க வைத்தேன். அவள் வந்ததும், "போய்ப் பார்த்தேன், செத்துக் கெடந்துச்சு" என்றேன். அவள் அழவில்லை. காலிலிருந்த நீல நூலை அவிழ்த்து எடுத்தாள்.

"மாதா வேணாம்னுட்டாங்க" என்றாள்.

வேறு கோழி வாங்கித் தருகிறேன் என்றேன். "நேந்தது அத. மாதாவையே ஏமாத்தச் சொல்றீங்களா?" என்று கேட்டாள். திருநாளுக்கு வெறும் கையோடு போய் வந்தாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். வெட்கமாக இருந்தது.

ஒப்பரேசன் நாள் காலை, பையில் அவளுடைய துணியையும் கோப்பையையும் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் கதிரையை விட்டு எழவில்லை.

"நான் வரலீங்க. அந்தக் கோழிக்கு நடந்ததுதான் எனக்கும்."

பையைக் கீழே போட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "நான்தான் கொன்னேன். தலகீழா புடிச்சி அமுக்குனேன். மாதாவுக்கும் இதுக்கும் ஒண்ணுமில்ல. தலகீழா புடிக்கக் கூடாதுன்னு டொக்டரம்மா அன்னைக்கே சொன்னாங்க."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் கோபமே இல்லை, இரக்கம்தான் இருந்தது.

"அந்தம்மா அப்படிச் சொல்லியிருந்தா அன்னைக்கே எனக்குச் சொல்லியிருப்பீங்களே. என்னையக் கூட்டிக்கிட்டுப் போகணும்னு ஒங்க தலையில பழியப் போட்டுக்காதீங்க. நீங்க அப்படிப்பட்ட ஆளு இல்ல."

மாதா மேல் சத்தியம் செய்தேன். மாதாவைக் கேலி செய்தவனின் சத்தியத்தை யார் நம்புவார்? கண்டி பஸ் கீழே ரோட்டில் ஹோர்ன் அடித்துவிட்டுப் போய்விட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை கெஞ்சினேன், கத்தினேன், அவள் பஸ் ஏறவே இல்லை.

ஒரு வருடம் ஆகிறது. கட்டி பெருத்துவிட்டது. இனி வெட்டிப் பயனில்லை என்று வீட்டுக்கு வந்து பார்த்த டொக்டர் சொல்லிவிட்டார். இப்போது அவளுக்கு வடித்த கஞ்சி மட்டும்தான் இறங்குகிறது. நான்தான் ஊட்டுகிறேன். ஒரு கரண்டி உள்ளே போக வெகுநேரமாகிறது. அவசரப்படுத்தாமல் காத்திருக்கிறேன்.

"ஒங்களுக்கு எவ்வளவு பொறுமைங்க" என்கிறாள்.