விதைப்பூண்டை விற்ற படிப்பு

பேத்துப்பாறையில் எங்கள் தெருவிலிருந்து முதன்முதலாக எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலை படித்தவள் மகாதேவி. மதுரையில் இரண்டு வருடத்துக்கு லட்சத்து எண்பதாயிரம் ஆனது. அடுப்புப் புகையில் கட்டித் தொங்கவிட்டிருந்த விதைப்பூண்டைக்கூட அவள் அம்மா வீரம்மாள் விற்றாள். விதையை விற்ற வீடு அடுத்த போகத்துக்கு அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குத்தான் போகவேண்டும். வீரம்மாள் போனாள், இன்னமும் போகிறாள்.

கொடைக்கானலில் ஒரு தொண்டு நிறுவனத்தில் மகாதேவிக்குச் சம்பளம் பதினோராயிரம். பூண்டு பிடுங்கும் அம்மாவின் மாதக் கூலியே அதைவிடக் கூடுதல். அதைச் சொல்ல வாய் வராமல், சம்பளம் இருபத்தைந்தாயிரம் என்று வீட்டில் சொல்லிவைத்தாள். மகளிர் குழுக்களிடம் போய், 'எதிலும் நன்றாக விசாரித்து இறங்குங்கள்' என்று சொல்வதுதான் அவளுடைய வேலையே. வெட்கக்கேடு.

ஒரு ஞாயிறு காலை பக்கத்துத் தோட்டத்துக் குழந்தைவேல் வந்தார்.

"ஏம்மா, எம்மகளையும் ஒன் படிப்புலயே சேக்கப்போறேன். வெதப்பூண்டுக்கு வெல பேசியாச்சு. ஒனக்கு இருபத்தஞ்சாயிரமாமே! போட்ட காசு வெரசா வந்துருமா?"

மகாதேவி அடுப்படியைப் பார்த்தாள். அம்மா காதில் விழும் தூரத்தில்தான் இருந்தாள்.

"வந்துரும் மாமா. நல்ல படிப்புங்க."

அவர் சந்தோஷமாகப் படியிறங்கிப் போனார். வீரம்மாள் திரும்பாமலே சொன்னாள்:

"எங்கிட்டச் சொன்ன பொய் என்னோட போகட்டும். அந்த மனுசன் வெதய விக்கப்போறாருடி."