டீ குடித்த பட்டன்

ஒரு தவளை எப்படித் தாவ வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமையை நீங்கள் யாருக்குக் கொடுத்திருக்கிறீர்கள்? சிரிக்காதீர்கள். பம்பாய் மாட்டுங்காவில் அதற்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது.

தாராவியில், தொண்ணூறடி சாலையை ஒட்டிய ஒரு சந்தில் வீடியோ கேம் கடை வைத்திருப்பவர் ஏஞ்சலம்மாள். நாசரேத் பக்கத்திலிருந்து கல்யாணமாகி பம்பாய்க்கு வந்தவர். ஆட வந்தவர்களெல்லாம் கைபேசிக்குப் போய்விட்டார்கள். அவர் மட்டும் கடை மூலையில் ஒரு பழைய டிவியையும் ஒரே ஒரு ஆட்டத்தையும் விடாமல் வைத்திருக்கிறார். தவளை ஓடும், பள்ளங்களைத் தாண்டும், மேலே தொங்கும் முள்ளில் தலை படாமல் கோட்டைக்குள் போய்ச் சேரும். கையில் பிடித்து ஆடும் ரிமோட்டின் பட்டனைத் தட்டினால் சின்னத் தாவல், அழுத்திப் பிடித்தால் பெரிய தாவல்.

ஏஞ்சலம்மாளின் ரிமோட்டில் சின்னத் தாவலே கிடையாது. எப்போதோ அதன்மேல் ஒரு கட்டிங் சாய், அதாவது அரை கிளாஸ் டீ, கவிழ்ந்தது. சர்க்கரை உள்ளே இறுகிவிட்டதால் அழுத்திய பட்டன் சாவகாசமாகத்தான் மேலே வரும். முள்ளில் மோதாமலிருக்க, பள்ளத்துக்கு வெகு முன்னாலேயே எழும்பி, இறங்குகிற வேகத்தில் முள்ளுக்கு அடியில் நுழையும் வழியை அவர் கண்டுபிடித்தார். அந்தச் சந்தே அப்படித்தான் ஆடக் கற்றது. தவளையோடு சேர்ந்து ஆடுபவரும் இடப்பக்கம் சாய வேண்டும் என்பது அங்கே சட்டம். மனிதன் சாய்வதால் தவளைக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஒங்களுக்குப் பேசத்தான் சார் தெரியும். ஆடத் தெரியாது" என்றார்.

மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் பக்கத்து மண்டபமொன்றில் பழைய ஆட்டப் பிரியர்கள் சங்கம் போட்டி வைத்தது. ஆட்டம் அதே தவளை. தன் சந்துக்கு வெளியே, முன்பின் தெரியாதவர்கள் பார்க்க, ஒரு தடவையாவது அந்தக் கோட்டைக்குள் நுழைந்துவிட வேண்டும் என்பது ஏஞ்சலம்மாளின் ஆசை. ரிமோட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். நானும் கூடப் போனேன்.

வாசலில் சங்கச் செயலாளர் வேங்கடசுப்ரமணியன் உட்கார்ந்திருந்தார். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ரிமோட்டை வாங்கிப் பட்டனை அழுத்தினார். காதருகே வைத்துக் கேட்டார். பிறகு முகர்ந்தார்.

"என்னம்மா இது, ஏலக்காய் வாசனை வரது?"

"இஞ்சியும் தட்டிப் போட்ருந்தேன் சார்."

"இது ஒரிஜினல் மூவ்மென்ட் இல்லையே. தவளை ஆதியில எப்படிக் குதிச்சுதோ அப்படித்தான் குதிக்கணும். அதுதான் ரூல்."

"எங்க சந்துல ஆதியில இருந்தே இப்பிடித்தான குதிக்குது?"

சங்கத்தின் ரிமோட்டைக் கையில் கொடுத்தார்கள். ஏஞ்சலம்மாள் சாய்ந்தார், தட்டினார். தவளை ஒரு சாண் எழும்பி முதல் பள்ளத்திலேயே விழுந்தது. கூட்டம் சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரோ நிதானமாகச் செயலாளரிடம் திரும்பினார்.

"சார், ஒரு டீ சொல்லுங்க."

"குடிக்கவா?"

"இல்ல, ஊத்த."

அப்போதுதான் செயலாளரின் மகன் பத்ரி வாயைத் திறந்தான். திலக் நகரில் உட்கார்ந்து கைபேசி ஆட்டங்கள் செய்கிறவன். "அப்பா, நம்மளோடதும் ஒரிஜினல் இல்லை. ஜப்பான் டிவிக்குன்னு பண்ணின கேம் நம்ம ஊர் டிவில மெதுவாத்தான் ஓடும். நீங்க இத்தனை வருஷமா பூஜை பண்றது ஸ்லோமோஷன் தவளையை."

"நீ சும்மா இருடா."

பத்ரி சும்மா இருக்கவில்லை. தன் லேப்டாப்பில் ஆட்டத்தை அசல் வேகத்தில் ஓட விட்டான். செயலாளரே ஆடிப் பார்த்தார். முதல் பள்ளம்.

இந்த மாதிரிச் சங்கடத்துக்குப் பிறகு நம்மவர்கள் என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள். போட்டியைத் தள்ளிவைத்து ஒரு குழு போட்டார்கள். மூவர் பவாய் ஏரிக்கு அளவுநாடாவுடன் போய் நிஜத் தவளையை அளந்து வர வேண்டும்.

பழைய தாவலை அழிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அது பத்திரமாக இருக்கட்டும். ஆனால் பழையது என்பது அதன் வயதைச் சொல்லும்; அது நியாயமா என்று சொல்லாது. இவர்கள் வாசலில் உட்கார்ந்து காவல் காத்தது ஒரு டிவியின் சோம்பலை. ஏஞ்சலம்மாளைத் தடுத்தது ஒரு கரண்டி சர்க்கரைக்காக. எல்லாத் தாவலும் இருக்கட்டும், ஆடுகிறவர் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும் என்றேன். செயலாளர் மறுத்தார். கூடவே ஏஞ்சலம்மாளும் மறுத்தார்.

"அதெல்லாம் கெடையாது. எல்லாரும் என் குதிதான் குதிக்கணும். அப்பத்தான நான் ஜெயிப்பேன்?"

அந்த மண்டபத்தில் அன்று பேசப்பட்ட காரணங்களில் நேர்மையானது அது ஒன்றுதான். தவறான காரணம், ஆனாலும் நேர்மையானது.

வரும் ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் பொதுக்குழு. வாசலில் பெயர் கொடுத்தால் யாரும் வாக்களிக்கலாம். அவரவர் ரிமோட்டோடு ஆடலாம் என்றொரு தீர்மானம் கொண்டுவருகிறேன். அது தோற்றால் ஏஞ்சலம்மாள் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். வாருங்கள், வந்து கை தூக்குங்கள். இடப்பக்கம் சாய்ந்து தூக்கினால்தான் கணக்கில் சேரும் என்று ஏஞ்சலம்மாள் சொல்வார். கேட்காதீர்கள். நேராக உட்கார்ந்தே தூக்குங்கள்.