நாளைக்கு எத்தனை பார் ஐஸ்?

ஐஸ் வியாபாரத்தில் சரக்கு நமக்காக ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காது. நாம்தான் அதுக்காகக் காத்துக் கிடக்கணும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, ஒரு மீனவக் குப்பத்தில் ஐஸ் டெப்போ வைத்திருக்கிறேன். நாளைக்கு இத்தனை பார் என்று இன்றைக்குச் சாயங்காலமே செங்கல்பட்டு ஃபேக்டரிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும். கூடச் சொன்னால் எனக்குத் தண்ணி. குறைச்சுச் சொன்னால் அஞ்சலைக்கு நாத்தம். அஞ்சலை இங்கே மீன் ஏலம் எடுத்து, சிறுசேரி ஃபிளாட்டுகளில் கொண்டுபோய் விற்கிறவள். ஒரு நாள் மீன் கெட்டால் போதும், அப்புறம் அந்தக் கதவெல்லாம் அவளுக்குத் திறக்காது. நாளைய கணக்கை இன்றைக்கே சொல்லித் தொலைக்கிற பிழைப்பு உங்களுக்கும் இருந்தால், வாங்க, நம்ம கூட்டாளிதான்.

கேட்கக் கூடாதது

எத்தனை படகு போகும் என்று கேட்டால் முடிஞ்சுதே என்பீர்கள். அதைத்தான் கேட்கக் கூடாது. கடலுக்குக் கிளம்புகிறவனைப் ‘போறியா’ என்று கேட்டால் காரியம் விளங்காது என்பது குப்பத்து வழக்கம். ஃபேக்டரியிலிருந்து ஐஸ் ஏற்றிவரும் டெம்போ டிரைவர் தாஸுக்கு அது தெரியாது. மதுராந்தகத்தில் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன். வந்த புதுசில், படகில் வலை ஏற்றிக்கொண்டிருந்த மாரியிடம், “அண்ணாத்த, நாளிக்குக் கடலுக்குப் போறியா?” என்று சத்தமாய்க் கேட்டுவிட்டான்.

மாரி வலையைக் கீழே இறக்கினான். பார்த்தவர்களும் இறக்கினார்கள். நான் சொல்லிவைத்த ஐஸ் மறுநாள் வந்து, கரைந்து, மணலில் ஓடியது. மாரி அதைக் காட்டித் தாஸிடம் சொன்னான்: “நாங்க போவலன்னா இன்னா நைனா, அதான் உங்க ஐஸு போவுதே கடலுக்கு!”

பன் கணக்கு

அதனால் நான் வாயைத் திறப்பதில்லை. சாயங்காலம் டீக்கடையில் யார் பன் வாங்குகிறார்கள் என்று பார்ப்பேன். கடலில் தின்ன அதைத்தான் கட்டிக்கொண்டு போவார்கள்; பன் வாங்கினால் விடிகாலையில் படகு கிளம்புகிறது என்று அர்த்தம். ஒரு நாள் குப்பமே பன் வாங்கியது. நானும் டெம்போ நிறைய ஐஸ் சொல்லிவிட்டேன். காலையில் பார்த்தால், எல்லாரும் பிள்ளைகளோடு வேன் ஏறி வேடந்தாங்கல் போயிருக்கிறார்கள். திரும்பி வந்த மாரி சொன்னான்: “தெனம் மீனையே பாத்துகினு கீறோம் யக்கா. மீனத் துன்ற கொக்க ஒரு நா பாத்துட்டு வர்லாம்னுதான்.”

ரோட்டில் தண்ணி

மழை விட்ட காலை. படகுகள் போய் இறாலோடு திரும்பின. ஃபிளாட் ஒன்றில் பிறந்தநாள் விருந்து, இறால் முழுக்க எங்களுக்கே என்று அஞ்சலையிடம் சொல்லியிருந்தார்கள். அவள் கூடையோடு வந்து நிற்கிறாள், ஐஸ் இல்லை. திருக்கழுக்குன்றத்துக்கிட்ட ரோட்டு மேலே தண்ணி ஓடுது, டெம்போ நகராது என்று தாஸ் போன் பண்ணினான்.

“யக்கா, வெயிலு ஏறுது. இறாலு தலை கறுத்துகினு வருது. இன்னா பண்ணப் போற?” என்றாள். அழுகிற குரல்.

டெம்போவை நிறுத்திய தண்ணி டூரிஸ்ட்டுகளையும் நிறுத்தியிருக்குமே என்று அப்போதுதான் தோன்றியது. ஆட்டோ பிடித்து மாமல்லபுரத்துக்கு ஓடினேன். ஜூஸ் கடைகளில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் வாங்கிய ஐஸ் பெட்டி பெட்டியாய்க் கிடந்தது. அள்ளிக்கொண்டு வந்து கூடையில் கொட்டி அவளை அனுப்பினேன்.

மறுநாள் சிரித்துக்கொண்டே வந்தாள் அஞ்சலை. “விருந்து வூட்டம்மா கூடையத் தொறந்து பாத்துட்டு, ‘என்ன அஞ்சலை, எலுமிச்சைத் துண்டுகூட நீயே போட்டுத் தர்றியா’ன்னுச்சு. ஆமாம்மா, இனிமே அப்பிடித்தான்னு சொல்லிட்டேன். நாளிக்கும் அந்த ஐஸே குடு!”

இத்தனை வருஷத்தில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: நாளைக்கு எவ்வளவு வேண்டும் என்பது நாளை மறுநாள் சரியாகத் தெரிந்துவிடும்.