புகைபோக்கிக்குக் கொசுவலை

போன வாரம் ஆம்பூரில் பிரியாணி சாப்பிடப் போன இடத்தில், இலை போட்ட பிறகு எழுந்து நேராகச் சமையல்கட்டுக்குள் போய்விட்டேன். சாயங்காலம் ஒரு ரிசப்ஷன், அதனால் பட்டுப்புடவை வேறு. என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். நாலு பேர் சாப்பிடுகிற ஹோட்டலில் இப்படி யாராவது செய்வார்களா? நான் செய்வேன். இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு என் வாயைப் பற்றித் தெரியும். கால் அதைவிட மோசம்.

காரணம் இருந்தது. வந்து உட்கார்ந்ததிலிருந்து எனக்குக் கண் எரிச்சல். பிரியாணி மாஸ்டர் வெளியே வந்து, படியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். கை கழுவுகிற சாக்கில் பக்கத்தில் போய்த் தலைவலியா என்று கேட்டேன்.

“ஆமாம்மா. டெய்லி பதினோரு மணியானா வந்துடுது.”

“லீவு நாள்ல?”

கொஞ்சம் யோசித்தார். “லீவு நாள்ல வர்றதில்ல.”

அவ்வளவுதான், உள்ளே போய்விட்டேன். நிலக்கரி அடுப்பு கணகணவென்று எரிகிறது. ஜன்னல் சாத்தியிருக்கிறது. பின்பக்கம் போய் அண்ணாந்து பார்த்தால், புகைபோக்கி உச்சியில் ஒரு பெயிண்ட் டின்னைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். மழைத் தண்ணீர் இறங்குகிறதாம்... அதற்குள் கல்லாவிலிருந்து முதலாளி எழுந்து வந்துவிட்டார்.

“நீங்க எந்த டிபார்ட்மென்ட் மேடம்?”

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, நான் பல வருஷம் பின்னால் போக வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில், இதே ஆம்பூர் பக்கம் ஒரு தோல் ஃபேக்டரி ஆபீசில் நான் டைப்பிஸ்ட். வீடு வேலூர் பக்கம் பாகாயத்தில். வார நாளில் ஹாஸ்டல். டைப் அடிப்பது, அட்டென்டன்ஸ், முதலுதவிப் பெட்டியின் சாவி எல்லாம் என் மேஜையில்தான். எனக்கு வயது இருபத்தைந்து. எல்லாம் தெரியும் என்ற நினைப்பு கொஞ்சம் ஜாஸ்தி.

கேன்டீன் சமையல் ரெஜினாக்கா பொறுப்பு. என்னைவிட ஆறேழு வயசு பெரியவர். கூட இரண்டு பெண்கள். இருநூறு பேருக்கு ஒரே நிலக்கரி அடுப்பு. அந்த அடுப்பை ரெஜினாக்கா வைத்திருந்த மாதிரி நான் என் ஸ்கூட்டரைக்கூட வைத்திருந்ததில்லை. காலையில் முதல் வேலை சாம்பலை வாருவது. அடிக்கம்பிகளின் சந்தில் சிக்கிய கரியைக் குத்தித் தள்ளிவிட்டுத்தான் புதுக்கரி போடுவார். மாதம் ஒரு ஞாயிறு, சர்ச்சிலிருந்து வந்ததும் மொட்டை மாடி ஏறி, ஒரு கல்லைச் சாக்கில் சுற்றிக் கயிற்றில் கட்டி, புகைபோக்கிக்குள் இறக்கி ஏற்றி இறக்கிச் சுத்தம் செய்வார். அடுப்பு ஆறியிருந்தால்தான் அது முடியும்.

அந்த வருஷம் பெரிய ஆர்டர் வந்தது. ஞாயிறும் ஷிப்ட் என்றார்கள். அடுப்பு ஆறவே இல்லை. மூன்று மாதம் புகைபோக்கிக்குள் கயிறு இறங்கவில்லை.

ஆர்டர் என்ன கலர் தெரியுமா? கிரீம். கேன்டீனுக்குப் பக்கத்து முற்றத்தில், பலகைகளில் தோலை இழுத்து ஆணியடித்து வெயிலில் காயப் போட்டிருப்பார்கள். மூன்று மாதக் கரி புகையோடு பறந்து வந்து, அந்தக் கிரீம் தோல் மேல் பொட்டுப் பொட்டாக உட்கார்ந்தது. தோல் ரிஜெக்ட். மேனேஜர் ரெஜினாக்காவைக் கூப்பிட்டுக் கத்தினார். ஒரே ஒரு நாள் அடுப்பை அணைக்க விட்டால் சுத்தம் செய்துவிடுவேன் என்றார் அவர். ஒரு நாள் இருநூறு பேருக்குச் சோறு யார் போடுவது என்று மேனேஜர் கேட்டார்.

அப்போது நான் வாயைத் திறந்தேன். பாகாயத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் ஜன்னல் எல்லாவற்றுக்கும் கொசுவலைக் கம்பி அடித்திருக்கும். அதில் ஒரு துண்டைப் புகைபோக்கி வாயில் கட்டிவிட்டால் புகை போகும், கரி நிற்கும், சிம்பிள்தானே சார் என்றேன்.

மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார். படிச்ச பொண்ணுன்னா இதான், என்று நாலு பேர் முன்னால் சொன்னார். எனக்குக் கால் தரையில் இல்லை. அன்று மாலையே வலை கட்டியாயிற்று. மாடியிலிருந்து இறங்கும்போது ரெஜினாக்கா என்னிடம் ஒன்றுதான் சொன்னார்.

“அடைச்சிக்கும் சுகந்தி.”

இந்த அக்காவுக்கு எதையும் புதுசாகச் செய்தால் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டேன். தோலில் பொட்டு விழுவது அடுத்த நாளே நின்றுவிட்டது.

இரண்டு வாரம் போனது. அதற்குள் கேன்டீன் பெண்கள் மாத்திரை கேட்டு வர ஆரம்பித்திருந்தார்கள். ஒருத்திக்குத் தலைவலி. இன்னொருத்திக்கு வாந்தி வருகிற மாதிரி. வெறும் வயிறு, பித்தம், வெயில் என்று நானே காரணமும் சொல்லி மாத்திரையும் கொடுத்து, ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். ஃபேக்டரியில் ஒரு தோலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, ஊசிமுனை ஓட்டை இருக்கிறதா என்று நாலு பேர் பார்ப்பார்கள். மூன்று பெண்களின் கண் ரத்தச் சிவப்பாக இருந்ததை ஒருத்தரும் பார்க்கவில்லை. நானும்தான்.

ஒரு வியாழக்கிழமை ரெஜினாக்கா சாம்பார் அண்டா பக்கத்தில் சரிந்து விழுந்தார். அண்டாவில் விழாமல் இந்தப் பக்கம் விழுந்தது கடவுள் கிருபை. தூக்கி வெளியே போட்டோம், அப்புறம் ஆஸ்பத்திரி. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, இவங்க எங்க வேலை செய்யறாங்க? அடுப்பைப் பற்றிச் சொன்னதும் புகைபோக்கியைப் பற்றிக் கேட்டார். புகையென்றால் கண்ணுக்குத் தெரியும், எழுந்து ஓடிவிடுவார்கள், கரி கனலும்போது வருகிற விஷ வாயு கண்ணுக்கும் தெரியாது மூக்குக்கும் தெரியாது என்றார். இன்னும் அரை மணி நேரம் உள்ளேயே கிடந்திருந்தால் தன்னிடம் கொண்டுவரத் தேவையே இருந்திருக்காது என்றும் சொன்னார்.

நான் ஆபீசுக்கு வந்து ரிஜிஸ்டரைப் புரட்டினேன். வலை கட்டிய நாலாம் நாள் முதல் தலைவலி. அதற்கு முன் கேன்டீனிலிருந்து ஒரு பெயர்கூட இல்லை. எல்லாம் என் கையெழுத்து. அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. ஒரு மனுஷியைக் கொல்லப் பார்த்திருக்கிறேன், அதற்குப் பாராட்டும் வாங்கியிருக்கிறேன்.

ரிஜிஸ்டரைக் கொண்டுபோய் மேனேஜர் மேஜையில் வைத்தேன். அவர் பார்த்தார். கெட்டவர் இல்லை, பயந்தவர். ஷிப்மென்ட் போக இன்னும் பத்து நாள் பாக்கி. ரெஜினாவுக்கு லீவு கொடுக்கலாம், மற்ற இரண்டு பேரும் ஜன்னலைத் திறந்து வைத்துச் சமைக்கட்டும், கிரீம் தோல் போனதும் வலையை எடுக்கலாம் என்றார்.

“சார், அந்த வலை என் ஐடியா. நானே எடுத்துடறேன்.”

“எடுத்தா மெமோ வரும்மா.”

“வரட்டும் சார்.”

வெளியே வந்து கேன்டீன் போர்டில், நாளைக்கு மதியத்துக்கு மேல் டீ கிடையாது, அடுப்புக்கு லீவு என்று எழுதினேன். அதுவரை கதவு, ஜன்னல் எல்லாம் திறந்தே இருக்கட்டும் என்று கேன்டீன் பெண்களிடம் சொன்னேன். ஷிப்டில் இருந்த ஒருத்தர்கூட ஏன் என்று சண்டைக்கு வரவில்லை. ரெஜினாக்கா விழுந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

மறுநாள் முற்றத்துப் பொறுப்பில் இருந்த ஜப்பார் பாயிடம் போய், மேலிருந்து கரி கொட்டும், தோலைக் கொஞ்சம் நகர்த்த முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இதுக்கா இவ்ளோ பேஜார்? பலகைய அந்தாண்ட போட்டிருந்தா கரியே விழுந்திருக்காதேம்மா. யாரு என்னை இன்னான்னு கேட்டீங்க?”

பத்தே நிமிஷம். அத்தனை பலகையும் முற்றத்தின் அந்தப் பக்கம் போய்விட்டது. எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. தோலை நகர்த்தலாம் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. புகைபோக்கியின் வாயைக் கட்டத்தான் தோன்றியது.

அடுப்பு நன்றாக ஆறிய பிறகு, கட்டிங் பிளையரோடு மாடி ஏறினேன். ஓய்வெடுக்கச் சொன்ன டாக்டரை மதிக்காமல் ரெஜினாக்கா வந்து கீழே நின்றுகொண்டார். கம்பி வலை கண்ணுக்கே தெரியவில்லை, தார் பூசின தட்டு மாதிரி இருந்தது. வெட்டி எடுத்தேன். கீழே அடுப்பு வாயை ஈரச்சாக்கால் மூடினார்கள். கல்லைச் சுற்றிய சாக்கை இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கி... கையில் கொப்புளமே வந்துவிட்டது. புகைபோக்கியின் அடியில் இருந்த சின்னக் கதவைத் திறந்து இரண்டு பக்கெட் கரி அள்ளினார்கள். அப்புறம் ரெஜினாக்கா ஒரு நியூஸ்பேப்பரைச் சுருட்டிப் பற்ற வைத்து அந்தக் கதவருகே காட்டினார். நெருப்பு குப்பென்று உள்பக்கம் சாய்ந்து மேலே போனது.

“இழுக்குது,” என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டவில்லை. அதுதான் ரொம்ப நாள் வலித்தது.

மெமோ வந்தது. யாருக்கு? எனக்கு. டைப் அடிக்க ஆபீசில் ஆள் யார்? நான்தான். மேனேஜர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொல்லச் சொல்ல, அனுமதியின்றிக் கம்பெனி பொருளை அகற்றியதற்கு விளக்கம் தரவும் என்று மூன்று காப்பி அடித்தேன். அவர் இங்கிலீஷில் இரண்டு இடம் தப்பு. அதையும் திருத்தினேன். பிறகு எழுந்திருக்காமல், அதே மெஷினில் இன்னொரு பேப்பரைச் சொருகிப் பதிலையும் அடித்துக் கொடுத்தேன். இரண்டே வரி. வலையைக் கட்டச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். வலையை எடுத்ததற்குக் கேட்க மாட்டேன்.

அவர் படித்தார், டிராயரில் போட்டுப் பூட்டினார். வேலை போகவில்லை. போகச் சொல்லும் கடிதத்தையும் நான்தானே அடிக்க வேண்டும்? அந்த மாதத்திலிருந்து முதல் ஞாயிறு அடுப்புக்கு லீவு என்று சர்க்குலர் ஒன்று போனது. அதுவும் என் டைப்தான்.

இப்போது பிரியாணி ஹோட்டலுக்கு வருவோம். முதலாளி இன்னும் பதிலுக்கு நின்றுகொண்டிருந்தார். பின்னால் மாஸ்டர் நெற்றியைப் பிடித்தபடியே எழுந்து வந்து நின்றார்.

“டிபார்ட்மென்ட் எதுவும் இல்லீங்க. ஒரு காலத்துல உங்களை மாதிரியே மூடி வெச்ச ஆளு. ஏணி எங்க இருக்கு?”

அவர் என்னைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார், என் பட்டுப்புடவையைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே ஏணியைச் சாத்தினார்.

அவர் ஏறாவிட்டால் நான் ஏறியிருப்பேன்... சரிகை கறுத்தால் கறுக்கட்டும்.